பின்னால் நின்றவர்கள்

மழை வரும் வரும் என்று மூடிக்கொண்டே இருந்து, புழுக்கத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் போகிற ஐப்பசிக் காலை அது. மோகனூர் ரோட்டில் இருக்கும் அந்தக் கோழித் தீவன மில்லில், மூட்டை தைக்கும் இடத்தை ஒழித்துக் கூட்டித் தார்ப்பாய் விரித்திருந்தார்கள். எத்தனை பெருக்கினாலும் அங்கே மக்காச்சோளத் தூசி போகாது. உட்கார்ந்தவர்களின் லுங்கியிலும் சேலையிலும் மஞ்சள் மாவு அப்பிக்கொண்டது. தீவனத்தில் கலக்கிற கருவாட்டுத் தூளின் வீச்சம் பழகாதவர்களுக்குக் குமட்டும். சேலம் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து வந்திருந்த தனப்பிரியா கைக்குட்டையை மூக்கருகே கொண்டுபோவதும், யாராவது பார்த்தால் கீழே இறக்குவதுமாக இருந்தாள்.

கம்பெனி கம்பெனியாகப் போய், ஒன்றாக வேலை செய்கிறவர்கள் ஒருவரையொருவர் நம்பி ஒட்டுறவாக இருக்கப் பழக்குவது அவள் தொழில். மில்லில் கொஞ்ச காலமாக யாரும் யாரோடும் பேசுவதில்லை, ஷிப்டு மாறும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவதில்லை, அதனால் சரக்கு வீணாகிறது என்று மேனேஜர்தான் அவளை வரவழைத்திருந்தார். ஏன் பேசுவதில்லை என்று அவர் அவளிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

முதலில் பேர் சொல்லும் விளையாட்டு நடந்தது. பிறகு கண்ணைக் கட்டிக்கொண்டு கைபிடித்து நடப்பது. லோடுமேன்கள் சிரித்தார்கள். கடைசியாக, விழுகிற பயிற்சி. ஒருவர் முதுகைக் காட்டி நின்று, கையை மார்போடு கட்டி, கண்ணை மூடிக்கொண்டு அப்படியே பின்னால் சாய வேண்டும். பின்னால் நிற்கிறவர்கள் தாங்கிப் பிடிப்பார்கள். மூட்டை தைக்கிற தமிழ்ச்செல்வி விழுந்தாள். பெண்கள் கூச்சலிட்டுக்கொண்டு தாங்கினார்கள். லோடுமேன் மதன் விழுந்தான். அவனையும் பிடித்தார்கள். தனப்பிரியாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"சூப்பர்வைசர் சாரும் வரட்டும்" என்றாள்.

அறிவழகன் தயங்கித்தான் வந்தான். மேனேஜர் செல்போனில் படமெடுக்கத் தயாராக நின்றார். அறிவழகன் முதுகைக் காட்டி நின்று, கண்ணை மூடி, சாய்ந்தான். பின்னால் நீட்டிய கைகளில் முதல் ஜோடி பின்வாங்கியது. அதைப் பார்த்து மற்றவை பின்வாங்கின. யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை என்று பிறகு எல்லோரும் சத்தியம் செய்தார்கள், அது உண்மையும்கூட. அவன் தரையில் விழுந்தபோது வலது மணிக்கட்டு அடியில் மாட்டிக்கொண்டது. காய்ந்த சோளத்தட்டை ஒடிகிற சத்தம் கேட்டது.

யாரும் சிரிக்கவில்லை.

"ஏன் யாருமே பிடிக்கலை? ஏன்?" என்று தனப்பிரியா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கேட்டாள்.

மதன்தான் கடைசியில் வாயைத் திறந்தான். "கை வரலீங்க மேடம்."

*

கட்டுப் போட்டுக்கொண்டு வந்த அறிவழகன், வழுக்கிவிட்டது என்று மட்டும் வீட்டில் சொன்னான். அவன் மனைவி ரஞ்சிதா நம்பினாள். அவள் வீட்டு முன்னறையில் மிஷின் போட்டு ரவிக்கை தைக்கிறவள். ஒரே மகள் நாமக்கல்லில் ஹாஸ்டலில் தங்கி நர்ஸிங் படிக்கிறாள். தூசி படிந்த இடத்தில் வழுக்குவது ஒன்றும் அதிசயமில்லை. களியைக் கிண்டி உருட்டிப் போட்டு, கீரைக் கடைசலை ஊற்றி, இடது கையால் சாப்பிடத் தடுமாறியவனுக்கு அவளே ஊட்டினாள். அவன் வாயில் வாங்கிக்கொண்டானே தவிர அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வலியால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் தனப்பிரியா ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்தாள். அறிவழகன் மாத்திரை போட்டு உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தான். ரஞ்சிதா துணிகளை ஒதுக்கி நாற்காலி போட்டாள்.

"எதுக்குங்க இதெல்லாம்? அவருதானே பாத்து நிக்காம வழுக்கி உழுந்தாரு. அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

தனப்பிரியா நிமிர்ந்து பார்த்தாள். "வழுக்கினாருன்னா சொன்னாரு?"

"ஆமாங்க."

சேலத்துக்காரிக்கு அந்த இடத்திலேயே எழுந்து போய்விடலாம் போல இருந்திருக்க வேண்டும். கைப்பையின் வாரைச் சுருட்டிச் சுருட்டி விரித்தாள்.

"இல்லைங்க. நான்தான் விழச் சொன்னேன். பின்னாடி எட்டுப் பேர் பிடிக்க நின்னாங்க. ஒருத்தர்கூடப் பிடிக்கலை. எத்தனையோ கம்பெனியில நடத்தியிருக்கேன், இப்படி நான் பாத்ததே இல்லை. அன்னைக்குச் சாயந்தரம் பஸ்ஸுல போகும்போதுதான் தோணுச்சு. இந்த ஆளுக நடுவுல என்ன நடந்துச்சுன்னு யாரையும் ஒரு வார்த்தை கேக்காமலேயே ஒரு மனுசனக் கண்ண மூடி விழச் சொல்லியிருக்கேன். எனக்கு ரெண்டு நாளாச் சோறு இறங்கலைங்க."

"என்ன நடந்துச்சுங்க?"

"எனக்கு இன்னும் தெரியாதுங்க. யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. அடுத்த புதன்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்காரு மேனேஜர். எப்படி அந்த ஆளுக முகத்துல முழிக்கறதுன்னே தெரியலை."

அவள் காபியை முழுசாகக் குடிக்காமல் போனாள். ரஞ்சிதா பாதி தைத்த ரவிக்கையை மிஷினில் வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். எட்டுப் பேரும் இந்த ஊர்க்காரர்கள். அவர்களில் பாதிப்பேர் வீட்டுப் பெண்களுக்கு அவள்தான் ரவிக்கை தைக்கிறாள். தீபாவளிக்குத் துணி கொடுக்க இந்த வருசம் ஏன் யாரும் வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

*

தமிழ்ச்செல்வியின் வீடு இரண்டு தெரு தள்ளி. ஷிப்டு முடிந்து வந்து, முடியில் இருந்த தீவனத் தூளைப் போக்க வாசலில் நின்று தலையை உதறிக்கொண்டிருந்தாள். ரஞ்சிதாவைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.

"அக்கா, எங்க ஊட்டுக்காரரப் புடிக்காம உட்டீங்களாமா?"

"உள்ள வா கண்ணு."

"இங்கயே சொல்லுங்க."

தமிழ்ச்செல்வி துண்டால் முகத்தைத் துடைத்தாள். துடைத்த பிறகும் துண்டை முகத்திலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"காத்தண்ணன் காலு போச்சே, தெரியுமில்ல உனக்கு?"

"தெரியாம என்ன? தண்ணி போட்டுட்டு ஸ்க்ரூவுக்குள்ள கால உட்டுட்டாரு."

"அதாங் கண்ணு. தண்ணி போடலை."

ஸ்க்ரூ என்று மில்லில் சொல்வது, சோளத்தைக் குழிக்குள்ளிருந்து அரவைக்குத் தள்ளிக்கொண்டு போகிற சுருள் இரும்பை. அதன்மேல் தகடு மூடி இருக்கும். ஈரச் சோளம் வந்தால் அடிக்கடி அடைத்துக்கொள்ளும். மூடியைக் கழற்றிக் குத்திவிட்டு மறுபடி மாட்ட நேரமாகும் என்று, அறிவழகன் மூடியைக் கழற்றியே வைக்கச் சொல்லியிருந்தான். மல்லசமுத்திரத்திலிருந்து வந்து வேலை செய்த காத்தான், ஓடுகிற ஸ்க்ரூவில் அடைப்பைக் குத்தும்போது கால் வழுக்கி உள்ளே போய்விட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். விசாரணைக்கு வந்த அதிகாரியிடம், ஆள் குடித்திருந்தான், வாசம் அடித்தது, மூடியை அவனேதான் கழற்றினான் என்று அறிவழகன் சொன்னான்.

"எங்களையுங் கேட்டாங்க கண்ணு. நாங்க அக்கட்ட இருந்தோம், பாக்கலைன்னுட்டோம். வேலை போயிரும்னு பயம். அவரு பொய் சொன்னாரு, நாங்க வாய மூடிக்கிட்டோம். எதுல எது தேவலாம்? அன்னைக்கு அவரு சாஞ்சப்ப எனக்கு அவரு முதுகு தெரியலை, காத்தண்ணன் போட்ட சத்தந்தான் கேட்டுச்சு. கைய இழுத்துக்கிட்டேன். அதுக்கும் சேத்து இப்ப வெக்கப்பட்டுக்கிட்டுக் கெடக்கறேன்."

ரஞ்சிதாவுக்குத் தமிழ்ச்செல்வி சொன்ன மற்றதெல்லாம் காதில் ஏறவில்லை. தண்ணி போடலை என்றதுமே ஆத்தாயி ஞாபகம் வந்துவிட்டாள்.

ஆத்தாயி மோகனூரில் வாழ்க்கைப்பட்டவள். பிறந்த ஊர் மல்லசமுத்திரம் பக்கம். போன தை மாதம் அளவு கொடுக்க வந்து நின்றபோது, "எங்கண்ணன் பையனுக்கு ஒரு பொண்ணு பாத்திருக்கறோம். காத்தான்னு ஒருத்தரு, உங்க ஊட்டுக்காரரு மில்லுலதானே இருந்தாரு? குடும்பம் எப்படீங்க?" என்று கேட்டாள். ரஞ்சிதா வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டு தோள் அளவு எடுத்துக்கொண்டிருந்தாள். ஊசியை எடுத்துவிட்டு, "பொண்ணு தங்கமானதுங்க. அப்பன்தான் குடியாரன். குடிச்சுப்போட்டுத்தான் காலையே தொலைச்சுட்டாரு" என்றாள். உதவி செய்கிற நினைப்பில்தான் சொன்னாள். அந்தச் சம்பந்தம் நின்றுபோனது அவளுக்குத் தெரியும். ஒரு நல்ல பையனைக் குடிகாரன் வீட்டுச் சம்பந்தத்திலிருந்து காப்பாற்றிவிட்டதாகக்கூட அப்போது நினைத்திருந்தாள்.

*

மறுநாள் காலையில் அறிவழகனுக்குத் தண்ணீர் ஊற்றினாள். கட்டு நனையாமல் இருக்க வலது கையில் பாலிதீன் பை மாட்டியிருந்தது. அவன் கொல்லையில் துவைக்கல்லின் மேல் உட்கார்ந்திருந்தான். முதுகில் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"ஏனுங்க, காத்தண்ணன் குடிப்பாருங்களா?"

"இப்ப எதுக்கு அது?"

"குடிப்பாரான்னு கேக்கறேன்."

கண்ணில் சோப்பு நுரை. அவன் இடது கையால் துழாவினான். அவள் தண்ணீர் ஊற்றவில்லை.

"டீயே ஒரு நேரத்துக்கு மேல குடிக்க மாட்டாரு" என்றான்.

ரஞ்சிதா செம்பை அண்டாவுக்குள் போட்டாள்.

"மூடியக் கழட்டி வெக்கச் சொன்னது நானு. கேஸாச்சுன்னா உன்ற தலையிலதான் உழுகும், தண்ணி போட்டிருந்தான்னு ஒரு வார்த்தை சொல்லிரு, முடிஞ்சு போயிரும்னு மேனேஜரு சொன்னாரு. புள்ள அப்பத்தான் காலேஜு சேந்திருந்தா. ஒரு வார்த்தைதானே, நானென்ன அந்தாளக் குழிக்குள்ள தள்ளியா உட்டேன்னு... பயந்துட்டேன் புள்ள."

"ஒரு வார்த்தைதான். அதை எங்கிட்டயும் வந்து சொன்னீங்க. நான் அதை ஆத்தாயி அக்காகிட்டச் சொன்னேன்."

"எப்ப?"

"காத்தண்ணன் புள்ளைக்குப் பேசுன சம்பந்தம் எதுனால நின்னுச்சுன்னு நெனைச்சீங்க? என்ற வாயாலதான். நீங்களாச்சும் பயந்து சொன்னீங்க. நான் பொழுது போகாமச் சொன்னேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். சோப்பு நுரை முதுகிலேயே காய்ந்து வெள்ளையாகப் பொரிந்தது. அவள் உள்ளே போய்விட்டாள். அவனே இடது கையால் மொண்டு ஊற்றிக்கொள்கிற சத்தம், பாதித் தண்ணீர் தரையிலும் பாதி அவன் மேலுமாக, வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

புதன்கிழமை அவன் கட்டோடு மில்லுக்குப் போனான். தனப்பிரியா இந்த முறை விளையாட்டு எதுவும் வைக்கவில்லை. எல்லோரையும் வட்டமாக உட்காரச் சொல்லி, "போன தடவை நான் செஞ்சது தப்பு. எனக்குத் தெரியாத ஊட்டுக்குள்ள செருப்போட நுழைஞ்ச மாதிரி நுழைஞ்சுட்டேன். மன்னிச்சிருங்க. இன்னைக்கு நான் பேசலை. யாருக்காச்சும் பேசணும்னா பேசுங்க" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். அறிவழகன் எழுந்து நின்று, காத்தான் குடிக்கவில்லை, மூடியைக் கழற்றச் சொன்னது நான்தான், பொய் சொன்னேன் என்று சொன்னான். மேனேஜர் குறுக்கே புகுந்து, டீ வந்துவிட்டது, கலையலாம் என்றார். அறிவழகனிடம் தனியாக, கை சரியாகிற வரைக்கும் லீவு போடு, பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார். மதன் டீ டம்ளரை எடுத்துவந்து அவன் பக்கத்தில் வைத்தான்.

வீட்டுக்கு வந்தவனின் நடையே மாறியிருந்தது. செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிட்டான்.

"சொல்லிப்போட்டேன் புள்ள. அத்தனை பேரு முன்னாடியும் சொல்லிப்போட்டேன். அந்தச் சேலத்து மேடம் அழுதே போயிருச்சு. இத்தனை வருசத்துல இப்படி ஒரு மனுசனப் பாத்ததில்லைன்னு கையெடுத்துக் கும்புட்டுச்சு. பாரம் இறங்குனாப்புல இருக்குது."

ரஞ்சிதா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"அங்க இருந்தவங்களுக்கெல்லாம் முன்னயே தெரியுமே."

"என்ன?"

"நீங்க பொய் சொன்னது அவிங்க அத்தனை பேருக்குந் தெரியும். தெரிஞ்சவங்ககிட்டப் போயிச் சொல்லிப்போட்டு, பாரம் இறங்கிருச்சுங்கறீங்க. நம்புனவங்ககிட்ட ஆரு போயிச் சொல்றது?"

அவன் ஒரு செருப்பைக் கழற்றியபடியும் ஒன்றைப் போட்டபடியும் நின்றான். சற்று முன்பு தன் முகத்தில் இருந்த தெளிவை அவள் பார்த்துவிட்டாள் என்பது அவனுக்குப் பொய் சொன்னதைவிடக் கூச்சமாக இருந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறி மல்லசமுத்திரம் போனார்கள். வழியெல்லாம் கடலைக்காய் பறிப்பு. பிடுங்கிய கொடிகளைக் குவித்து, நிழலில் உட்கார்ந்து பெண்கள் காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். காத்தான் வீட்டு வாசலிலும் ஒரு குவியல் கிடந்தது. அவருடைய மனைவி கண்ணாத்தாளும் மகள் அன்புச்செல்வியும் கீழே உட்கார்ந்து ஆய்ந்தார்கள். காத்தான் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, மடித்துச் சொருகிய வேட்டிக்கு மேல் கொடியைப் போட்டு ஆய்ந்தார்.

"வாங்க" என்றார். அவர் மட்டும்தான் சொன்னார்.

உட்கார யாரும் எதுவும் போடவில்லை. ரஞ்சிதா தரையில் உட்கார்ந்து, கை சும்மா இருக்கப் பொறுக்காமல் ஒரு கொடியை எடுத்தாள்.

"அதை வெச்சிருங்க" என்றாள் கண்ணாத்தாள்.

ரஞ்சிதா வைத்துவிட்டாள். உள்ளங்கையில் ஒட்டிய ஈரமண்ணைத் தட்டக்கூட அவளுக்குத் தயக்கமாக இருந்தது. அறிவழகன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். அதிகாரியிடமும் எழுதிக் கொடுக்கிறேன் என்றான். சம்பந்தத்தைக் கெடுத்தது தன் வாய்தான் என்பதை ரஞ்சிதா சொன்னாள். சொல்லச் சொல்ல அன்புச்செல்வியின் கை நின்றது. திருச்செங்கோட்டில் துணிக்கடை வேலைக்குப் போகிற பெண். முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை.

காத்தான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு கடலையை உடைத்துப் பார்த்தார். உள்ளே பருப்பில்லாத பொக்கு. தூக்கி எறிந்தார்.

"இப்ப மூடி போட்டுத்தானே ஓட்டறீங்க?"

அறிவழகன் கட்டுப்போட்ட கையை இடது கையால் தாங்கிக்கொண்டான்.

"ஸ்க்ரூவுக்கு மூடி. போட்டிருக்குதில்ல?"

"ஆபீசருக வந்தப்ப மாட்டுனோமுங்ண்ணா. அப்பறம்... சோளம் ஈரமா வந்தா மட்டும்..."

ரஞ்சிதா புருசனை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு அது தெரியாது.

"அப்ப எங்கிட்ட என்னத்தச் சொல்றதுக்கு இத்தன தூரம் வந்தீங்க?" காத்தான் கத்தவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்கிறவரைப் போலக் கேட்டார். "என்ற காலு போயிருச்சு. அதுக்கு அழுது ஆகப்போறதில்லை. அந்தக் குழிக்குப் பக்கத்துல இப்ப ஆரு நிக்கறா?"

"மதனுங்க."

"இன்னைக்கு ஓடுதா?"

"ஓடுதுங்க."

"சோளம்?"

"மழை மூட்டத்துல... ஈரமாத்தான் இருக்குமுங்க."

அறிவழகன் இடது கையால் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தான். பழகாத விரலுக்குப் பேர் இரண்டு முறை தப்பிப்போனது. அன்புச்செல்விதான் எழுந்து வந்து, வாங்கி, பேரைப் பார்த்து அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலின் மேல் வைத்தாள். மில் இரைச்சல் வாசல் முழுக்க நிரம்பியது.

"மதனு, ஸ்க்ரூவ நிறுத்து. மூடிய மாட்டு."

"லோடு பாதியில நிக்குதுங்களே. மேனேஜரு சொன்னாருங்களா?"

"நாஞ் சொல்றேன். நிறுத்து. ஆரு கேட்டாலும் எம்பேரச் சொல்லு. மூடி மாட்டி, நாலு போல்ட்டும் முறுக்காம ஓட்டாதே."

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் வந்தது. காத்தான் தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அந்த உறுமல் தாழ்ந்து, தாழ்ந்து, நின்றது. அமைதியில் யாரோ ஒருவர் தூரத்தில் ஸ்பேனர் கேட்பது கேட்டது.

"செரி" என்றார் காத்தான். மறுபடி காய் ஆயத் தொடங்கினார்.

கண்ணாத்தாள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். "இவரு டீக்கடைக்குப் போயி வருசம் ஒன்னாகப் போகுதுங்க. போனா, என்ன காத்தா, இன்னைக்குக் கம்மியான்னு சிரிக்கறாங்க. நொண்டின்னு சொன்னாத் தாங்கிக்குவாரு. நாங்க மன்னிக்கறதா உடறதா, அது எங்க பாடு. அத இன்னைக்கே கேக்காதீங்க."

கிளம்பும்போது அன்புச்செல்வி தெருமுனை வரை வந்தாள். மாப்பிள்ளை வீட்டுக்கு வழி கேட்டாள் ரஞ்சிதா.

"அவிங்களுக்கு வேற எடத்துல முடிஞ்சிருச்சுங்கக்கா. தையில கல்யாணம்."

"இருந்தாலும் நான் சொல்லோணும் சாமி."

"சொல்லுங்க. எனக்கு அந்த மாப்பிள்ளைக்காக இல்லை. பொண்ணு பாக்க வந்தன்னைக்கு மாப்பிள்ளையோட அப்பா, அந்தப் பெரியவரு, எங்கப்பன் தோள் மேல கை போட்டுப் பேசிக்கிட்டிருந்தாரு. அப்பறம் சந்தையில பாத்து மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. எங்கப்பன் அன்னைக்கு ஊட்டுக்கு வந்து சோறுண்ணலை."

தோட்டத்து வீடு. மாப்பிள்ளையின் அப்பா களத்தில் காயப்போட்ட கடலையைக் காலால் கிளறிக்கொண்டிருந்தார். நடுவயதைத் தாண்டிய, திடமான மனிதர். தங்கை ஆத்தாயி பேரைச் சொன்னதும் நின்று கேட்டார். ரஞ்சிதா சொன்னாள். அறிவழகன் சொன்னான். அவர் இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கட்டுப்போட்ட கையையும் பார்த்தார்.

"குடிச்சாருன்னு சொன்னதும் நீங்கதான். இப்பக் குடிக்கலீங்கறதும் நீங்கதான். நான் எதை நம்பறதுங்க?"

அறிவழகன் மண்ணைப் பார்த்தான்.

"எங்கள நம்ப வேண்டாமுங்க" என்றாள் ரஞ்சிதா. அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "பொய் சொன்னவங்க நாங்கன்னு மட்டும் நம்புங்க. அது போதுமுங்க."

தண்ணீர் குடிக்கிறீர்களா என்று அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. அவர் மறுபடி கடலையைக் கிளறப் போனார். இரண்டடி போனவர் நின்று, அவர்கள் பக்கம் திரும்பாமல், "காத்தான் ஊட்டுலதான் இருக்கறாருங்களா?" என்று கேட்டார்.

"இருக்கறாருங்க" என்றாள்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

மல்லசமுத்திரம் பஸ் நிறுத்தத்தில் நாமக்கல் பஸ் வர நேரமிருந்தது. சந்தைக்கு வந்த கூட்டம் எதிரே டீக்கடையில் நின்றது. பெஞ்சில் ஆட்கள், வாசலில் சைக்கிளில் சாய்ந்தபடி ஆட்கள். வடைச் சட்டியில் எண்ணெய் பொரிகிற சத்தம் இந்தப் பக்கம் வரை கேட்டது. அறிவழகன் அந்தக் கடையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ இங்கயே நில்லு புள்ள" என்றான்.

"நானும் வாரேன்."

"வேண்டாம். கண்ணாத்தாக்கா டீக்கடையப் பத்திச் சொன்னதுல இது என்ற பங்கு."

லாரி ஒன்றைப் போக விட்டு ரோட்டைத் தாண்டினான். கடைக்குள் போகாமல் பெஞ்சுக்கு முன்னால் நின்றான். அவன் பேச ஆரம்பித்தது இங்கிருந்து தெரிந்தது, கேட்கவில்லை. முதலில் யாரும் திரும்பவில்லை. பிறகு ஒருவன் டம்ளரை வாயிலிருந்து எடுத்தான். இன்னொருவன் பக்கத்தில் இருந்தவனின் முழங்கையை இடித்தான். ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. யாரோ ஏதோ கேட்டார்கள், யாரோ சிரித்தார்கள். அறிவழகன் நகராமல் மறுபடி முதலிலிருந்து சொன்னான். வடை போடுகிறவர் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி, எட்டி ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்ற பெண்ணைப் பார்த்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் பார்த்தார்கள்.

ரஞ்சிதாவுக்கு முகம் எரிந்தது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்ளக் கை எழுந்தது. எழுந்த கையை இறக்கிக்கொண்டு, அத்தனை பேரும் பார்க்கட்டும் என்று அவள் நேராக நின்றாள்.